கிறிஸ்துமஸுக்குப் பெப்பர்மின்ட் சுருள் குக்கீ: வீட்டு ஓவனில் சுருள் கலையாமல், நிறம் மங்காமல் செய்வது எப்படி?

பர்கூர் இல்லத்தரசி | டிசம்பர் 6, காலை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் தட்டில் எப்போதும் அச்சு முறுக்கு, கச்சாயம், கலகலா, வீட்டில் சுட்ட பிளம் கேக் ஆகியவை இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், சிவப்பும் வெள்ளையும் சுருளாகச் சுற்றி, வாயில் போட்டதும் குளிர்ச்சி பரவும் பெப்பர்மின்ட் குக்கீயையும் இந்த முறை செய்ய வேண்டும் என்கிறாள். என்னிடம் 28 லிட்டர் ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) இருக்கிறது. கேக்கும் வெண்ணெய் பிஸ்கட்டும் தடையின்றிச் செய்வேன். ஆனால் இரண்டு நிற மாவை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டும் வேலை எனக்குப் புதிது.

டிசம்பரிலும் இங்கே பகல் வெப்பம் 27, 28 டிகிரியைத் தொட்டுவிடுவதால், வெண்ணெய் இளகி இரண்டு நிறங்களும் ஒன்றாகக் குழம்பிவிடுமோ என்பது முதல் கவலை. பெப்பர்மின்ட் எசன்ஸ் எவ்வளவு விட வேண்டும் என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் சாப்பிடப் போவதால் சிவப்பு நிறத்துக்குச் சாயம் தவிர வேறு வழி உண்டா என்றும் அறிய விரும்புகிறேன். வீட்டில் சிலர் முட்டை சாப்பிடுவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஓசூர் அடுமனையாளர் | டிசம்பர் 6, பிற்பகல்

வணக்கம் அக்கா. இந்தக் குக்கீயில் கைத்திறனைவிடக் குளிர்ச்சிக்குத்தான் வேலை அதிகம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். 25 டிகிரியைத் தாண்டும்போதே மாவு வழவழப்பாகிக் கையில் ஒட்டத் தொடங்கும். ஆகவே மாவைப் பிசைவதையும் பரப்புவதையும் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பர்கூரிலும் சமையலறை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

முட்டையில்லாமல் செய்யும் அளவைத் தருகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடித்துச் சலித்த சர்க்கரை 110 கிராம், மைதா 250 கிராம், கார்ன்ஃப்ளார் 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த பால் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி. முட்டை சேர்ப்பவர்கள் பாலுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் கருவைச் சேர்க்கலாம். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். வழக்கமான பிஸ்கட்டுக்கு அது மென்மை தரும் என்றாலும், இங்கே மாவு மேலெழும்பும்போது இரண்டு நிறங்களுக்கும் இடையிலுள்ள கோடு இழுபட்டு மங்கிவிடும். இதே காரணத்துக்காக, வெண்ணெயையும் சர்க்கரையையும் கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுத்து நுரைக்கும்வரை அடிக்கக் கூடாது. இரண்டும் கலந்து பசைபோல் ஆனதும் நிறுத்திவிட வேண்டும்.

மாவைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியில் நிறத்தைச் சேருங்கள். ஒவ்வொரு பாதியையும் இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் சதுரமாக, 4 மில்லிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். பேப்பரோடு அப்படியே தட்டில் வைத்துக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். பிறகு வெள்ளை மாவின்மேல் சிவப்பைக் கவிழ்த்து, அடிப் பேப்பரைத் தூக்கித் தூக்கி இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே சுருட்டினால் மாவு வெடிக்கும். ஓரத்தை மடக்கிப் பார்த்து, விரிசல் விடாமல் வளைகிறதா என்று தெரிந்துகொண்ட பின்பு தொடங்குங்கள். சுருளின் நடுவில் வெற்றிடம் விழாதபடி முதல் சுற்றை மட்டும் விரலால் அழுத்திவிடுவது அவசியம், ஏனென்றால் அங்கே காற்று நின்றால் ஒவ்வொரு துண்டிலும் அந்த ஓட்டை தெரியும்.

சுருட்டிய உருளையை இறுக்கமாகப் பொதிந்து இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் ஃபிரீசரில் 40 நிமிடம் போதும். கிடத்திய பக்கம் தட்டையாகிவிடாமல் இருக்க முதல் அரை மணி நேரத்தில் இடையிடையே உருட்டிவிட வேண்டும். பின்பு 6 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, 170 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிய ஓடிஜியில் 11 முதல் 13 நிமிடம் வைத்தால் போதும். மேற்புறம் சிவக்கக் காத்திருக்காதீர்கள். அடி ஓரம் லேசாகப் பொன்னிறம் காட்டியதும் எடுத்துவிட்டால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும். இந்த அளவுக்குச் சுமார் 40 குக்கீகள் வரும்.

தேன்கனிக்கோட்டை அம்மா | டிசம்பர் 6, மாலை

வெட்டுவதைப் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன். கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் அழுத்தும்போது உருளை நசுங்கி, வட்டம் முட்டை வடிவமாகிவிடுகிறது. சுத்தமான, சாயம் ஏற்றாத பருத்தி நூலை உருளைக்கு அடியில் கொடுத்து, மேலே கொண்டுவந்து குறுக்காக இழுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் அறுபடும், வட்டமும் கெடாது.

பர்கூர் இல்லத்தரசி | டிசம்பர் 6, இரவு

இருவருக்கும் நன்றி. அண்ணா, எசன்ஸ் அளவை நீங்கள் சொல்லவில்லையே? கடையில் இரண்டு வகைப் பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் எசன்ஸ் என்றும் மற்றொன்றில் எண்ணெய் என்றும் எழுதியிருக்கிறது.

காவேரிப்பட்டினம் வாசகர் | டிசம்பர் 7, காலை

எசன்ஸ் எதற்கு? நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு கிடைக்கிறது. ஒரு சிட்டிகை போட்டால் வீடே மணக்கும். இல்லையென்றால் தோட்டத்துப் புதினாவை அரைத்துச் சாறு எடுத்துச் சேர்க்கலாம், செலவும் இல்லை.

பென்னாகரம் மருந்தாளுநர் | டிசம்பர் 7, காலை

மேலே சொன்ன யோசனையின் முதல் பகுதியைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புதினா உப்பு என்று விற்கப்படுவது மெந்தால் படிகம். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி போன்ற மாவட்டங்களில் பெருமளவில் பயிராகும் ஜப்பானியப் புதினாவின் எண்ணெயிலிருந்து அது பிரித்தெடுக்கப்படுகிறது. அந்த எண்ணெயிலேயே 70 விழுக்காட்டுக்கு மேல் மெந்தால் இருக்கும். படிகமோ ஏறத்தாழ முழுவதும் மெந்தால்தான். கடையில் சில்லறையாகக் கட்டித் தருவது உணவுக்கான தரத்தில் உள்ளதா என்பதை அறிய வழியில்லை, வீட்டுத் தராசில் அதை அளக்கவும் முடியாது. தலைவலித் தைலங்களில் இருப்பதும் இதே மெந்தால்தான் என்பதால், அளவு மீறிய குக்கீ தைலம்போல் மணப்பதில் வியப்பில்லை.

மெந்தால் நாவை உண்மையில் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளில் டி.ஆர்.பி.எம்.8 என்ற ஏற்பி ஒன்று இருக்கிறது. மெந்தால் அதைத் தூண்டிவிடுவதால் மூளை குளிர் என்று புரிந்துகொள்கிறது. சிறிய அளவிலேயே இந்த வேலை நடந்துவிடும். அளவைக் கூட்டினால் குளிர்ச்சி கூடாமல் எரிச்சலும் கசப்புமே மிஞ்சும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைகளின் முகத்தருகே மெந்தாலையோ பெப்பர்மின்ட் எண்ணெயையோ கொண்டுசெல்லக் கூடாது, ஏனென்றால் அது அவர்களுக்குத் திடீர் மூச்சுத் தடையை உண்டாக்கக்கூடும். நெஞ்செரிச்சல் உள்ள பெரியவர்களும் இந்தக் குக்கீயை அளவோடு உண்பது நல்லது. இரைப்பைக்கு மேலுள்ள வால்வுத் தசையைப் பெப்பர்மின்ட் தளர்த்துவதால் புளிப்பு மேலேறுவது அதிகரிக்கும்.

பாலக்கோடு வேதியியல் ஆசிரியர் | டிசம்பர் 7, பிற்பகல்

புதினாச் சாற்றைப் பற்றி நான் சொல்கிறேன். நம் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் புதினாவின் மணத்துக்கு முக்கியக் காரணம் கார்வோன் என்ற பொருள். மெந்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் அதன் உறவுச் செடிதான், ஆனால் வேறு செடி. நீர்ப் புதினாவுக்கும் நாம் சட்னி அரைக்கும் புதினாவுக்கும் பிறந்த கலப்பினம் அது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடையாளம் காணப்பட்டு, லண்டனுக்கு அருகிலுள்ள மிட்சம் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டில் பெரிய அளவில் பயிரிடப்பட்டது. அதன் எண்ணெயில் மெந்தாலும் மெந்தோனும் சேர்ந்திருப்பதால்தான் மிட்டாயின் அந்தத் தனி மணம் வருகிறது. நம் புதினாவை அரைத்துச் சேர்த்தால் இனிப்பு மாவில் சட்னி வாசம் வீசும். சாற்றிலுள்ள நீர் மாவைக் குழைத்துவிடும். ஓவன் சூட்டில் பச்சை நிறமும் பழுப்பாக மாறிவிடும்.

சிவப்புக்கு வருவோம். பலரும் பீட்ரூட் என்று உடனே சொல்லிவிடுவார்கள், ஆனால் ஓவனுக்குள் போன பீட்ரூட் பெரும்பாலும் ஏமாற்றிவிடுகிறது. அதன் நிறமியான பெட்டானின், புளிப்பு அல்லது காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 3 முதல் 7 வரை, அதாவது புளிப்பிலிருந்து நடுநிலை வரை உள்ள சூழலில் ஓரளவு நிலைத்து நிற்கும். வெப்பம் அதைச் சிதைக்கும். சோடா உப்பு சேர்ந்து மாவு காரத்தன்மை அடைந்தால் சிதைவு இன்னும் விரைவாகிப் பழுப்பும் மஞ்சளுமாகிவிடும். அடுமனையாளர் ஐயா பேக்கிங் பவுடரை விலக்கச் சொன்னது இந்த வகையிலும் உதவும். பீட்ரூட்டை மெல்லிய வில்லைகளாகச் சீவி உலர்த்தி, நைசாகப் பொடித்துச் சலித்து, ஒரு பாதி மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம், அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்தால் நிறம் ஓரளவு தாங்கும். அப்போதும் மிட்டாய்ச் சிவப்பு வராது, மங்கிய இளஞ்சிவப்புதான் வரும். செம்பருத்தி இதழ் அதைவிட மோசம். புளிப்பில் சிவந்து நிற்கும் அந்த நிறமி, மாவின் நடுநிலையில் ஊதாவாகிவிடும். சோடா பட்டால் பச்சைக்கே போய்விடும்.

சாயம்தான் என்று முடிவுசெய்தால், பொன்சியூ 4 ஆர், கார்மோய்சின், எரித்ரோசின் ஆகியவை நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட சிவப்புகள். பாட்டிலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் சாயத்தின் பெயரும் அச்சாகியிருக்க வேண்டும். பொட்டலத்தில் கட்டித் தரும் கலர் பொடியை ஒருபோதும் வாங்காதீர்கள். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும்.

ஓசூர் அடுமனையாளர் | டிசம்பர் 7, மாலை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாயத்தில் தண்ணீர் வகையைத் தவிர்த்து ஜெல் வகையை வாங்குங்கள். தண்ணீர் வகையில் நல்ல சிவப்பு வருவதற்குள் மாவு இளகிவிடும், அதன்பின் வெள்ளையும் சிவப்பும் ஓவனில் ஒரே அளவில் பரவாது. ஜெல்லில் பயறளவே போதுமானது.

அக்கா கேட்ட எசன்ஸ் அளவு: நான் சொன்ன மாவுக்குப் பெப்பர்மின்ட் எசன்ஸ் அரைத் தேக்கரண்டி. எண்ணெய் என்று எழுதியிருப்பதை வாங்கினால், அது உணவில் சேர்ப்பதற்கானது என்று பாட்டிலில் தெளிவாக இருக்க வேண்டும். அதில் இரண்டு சொட்டுக்கு மேல் விடக் கூடாது. எதுவாயினும் பாலில் கலக்காமல் வெண்ணெயில் கலக்குங்கள். மெந்தால் கொழுப்பில் கரைவது என்பதால் வெண்ணெய் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓவன் சூட்டில் ஆவியாகி இழப்பதும் குறையும்.

என் கருத்து ஒன்று உண்டு, மறுப்பவர்கள் மறுக்கலாம். மாவு முழுவதிலும் பெப்பர்மின்ட் சேர்ப்பதைவிட வெள்ளைப் பாதியில் மட்டும் சேர்த்து, சிவப்புப் பாதியில் வெனிலாவை மட்டும் விடுவது நல்லது. அப்போது ஒவ்வொரு கடியிலும் குளிர்ச்சியும் வெண்ணெய்ச் சுவையும் மாறி மாறி வரும். முழுவதும் பெப்பர்மின்ட் ஆகிவிட்டால் இரண்டாவது குக்கீயிலேயே நாக்கு சலித்துவிடும். இந்த முறைக்கு எசன்ஸ் கால் தேக்கரண்டியே போதும்.

தேன்கனிக்கோட்டை அம்மா | டிசம்பர் 7, இரவு

இதில் எனக்கு உடன்பாடில்லை தம்பி. பெப்பர்மின்ட் குக்கீ என்று பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பாதியில் அது இல்லையென்றால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். குறைந்த அளவில் இரண்டு பக்கமும் சேர்ப்பதே என் வழக்கம். ஆனால் சாக்லேட் சேர்த்துச் செய்யும்போது நீங்கள் சொல்வதுதான் சரி.

அரூர் விவசாயி | டிசம்பர் 8, காலை

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். மைதா, வெள்ளைச் சர்க்கரை, சாயம், எசன்ஸ் என்று எல்லாமே வெளியிலிருந்து வருகின்றன. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கேழ்வரகு விளையும் மாவட்டங்கள். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டையே சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகு மாவில் இந்தக் குக்கீயைச் செய்ய முடியாதா? சிவப்பு வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் சாயப் பிரச்சினையும் தானாகத் தீர்ந்துவிடும் அல்லவா?

ஓசூர் அடுமனையாளர் | டிசம்பர் 8, பிற்பகல்

ஐயா, நல்ல கேள்வி. முழுக்கக் கேழ்வரகில் சுருள் வராது. மாவைப் பிணைத்து இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லாததால் மாவைச் சுருட்டும்போது பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் நிறப் பாதியில் மட்டும் மைதாவில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சலித்த கேழ்வரகு மாவைச் சேர்த்தால் சுருட்ட முடியும். அதோடு இனிப்பில்லாத கோகோ பொடி ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் ஆழ்ந்த பழுப்பு நிறம் கிடைக்கும், மாவின் வாசமும் வறுத்த மணமாக மாறும். கேழ்வரகும் கோகோவும் ஈரத்தை அதிகம் இழுக்கும் என்பதால் அந்தப் பாதிக்குப் பால் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகத் தேவைப்படும். இரண்டு பாதிகளும் தொட்டால் ஒரே மென்மையில் இருக்க வேண்டும். ஒன்று இறுகியும் மற்றொன்று இளகியும் இருந்தால் சுருட்டும்போது இளகியது வெளியே பிதுங்கும்.

வெள்ளைப் பாதியில் பெப்பர்மின்ட், பழுப்புப் பாதியில் கேழ்வரகும் கோகோவும் என்று செய்த குக்கீ, சுவையில் சிவப்பு வெள்ளையை வென்றுவிடும் என்பதே என் எண்ணம். பண்டிகைத் தோற்றத்துக்குச் சிவப்புதான் எடுப்பு என்பதையும் மறுக்கவில்லை. எலத்தகிரி, கோவிலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும்போது முதலில் கண்தானே சாப்பிடுகிறது.

மத்தூர் மாணவி | டிசம்பர் 8, மாலை

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. கடாயில் செய்யலாமா?

தேன்கனிக்கோட்டை அம்மா | டிசம்பர் 8, இரவு

செய்யலாம் கண்ணு, ஆனால் பொறுமை வேண்டும். அடி கனமான இரும்புக் கடாயில் கல்லுப்பை ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடியிட்டு நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்கு. பிறகு தீயைக் குறைத்து, குக்கீ அடுக்கிய தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடிவிடு. கடாய்க்குள் வெப்பம் அடியிலிருந்தே வருவதால் அடிப்பாகம் விரைவில் சிவந்துவிடும்; அதைத் தணிக்க ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தட்டுகளை அடுக்கிக்கொள். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு பார்க்கத் தொடங்கினால் போதும், இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. ஓர் ஈடு வேகும்வரை மீதி உருளை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். பிரஷர் குக்கரில் செய்வதாகச் சிலர் சொல்வார்கள். வெறும் குக்கரைச் சூடாக்குவது பாத்திரத்துக்கு நல்லதல்ல என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பர்கூர் இல்லத்தரசி | டிசம்பர் 14, மாலை

இன்று காலை ஏழு மணிக்குள் மாவு வேலையை முடித்து, இரண்டு வகையும் செய்து பார்த்தேன். சிவப்புக்கு ஜெல் சாயமும் மற்றொன்றுக்குக் கேழ்வரகும் கோகோவும் சேர்த்தேன். இரண்டிலும் சுருள் தெளிவாக வந்திருக்கிறது, நூலால் அறுத்த துண்டுகள் வட்டம் குலையாமல் நின்றன. எசன்ஸை அடுமனையாளர் அண்ணன் சொன்னபடி வெள்ளைப் பாதியில் மட்டும் கால் தேக்கரண்டி விட்டேன். என் கணவருக்குக் கேழ்வரகு வகை பிடித்திருக்கிறது. மகளோ படத்தைப் பார்த்துவிட்டுச் சிவப்பு வேண்டும் என்கிறாள். ஆகையால் கிறிஸ்துமஸ் தட்டில் இரண்டும் இடம்பெறும்.

இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. மேலே பெப்பர்மின்ட் மிட்டாயை நொறுக்கித் தூவ வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அதை எப்போது தூவுவது? 23ஆம் தேதியே சுட்டுவிட்டால் எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஓசூர் அடுமனையாளர் | டிசம்பர் 14, இரவு

மகிழ்ச்சி அக்கா. மிட்டாயை ஓவனுக்குள் அனுப்பாதீர்கள். சர்க்கரைப் பாகு உருகி வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும், சுருளையும் மறைத்துவிடும். குக்கீ ஆறியபின் ஓரத்தை உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் தொட்டு, அது உறைவதற்குள் நொறுக்கிய மிட்டாயில் புரட்டுங்கள். மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிடும் என்பதால் இதைப் பரிமாறும் நாளன்று செய்வதே நல்லது. வெறும் சுருளே போதுமான அழகு என்பது என் கட்சி, மகளிடம் சொல்லிப் பாருங்கள்.

சுட்டு வைப்பதைவிட, உருளையாகச் சுருட்டிப் பொதிந்து ஃபிரீசரில் வைப்பது மேல். ஒரு மாதம் வரை கெடாமல் இருக்கும். 24ஆம் தேதி எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்து, அறுத்துச் சுடலாம்.

தேன்கனிக்கோட்டை அம்மா | டிசம்பர் 15, காலை

சுட்டதை வைப்பதென்றால் தனி டப்பாவில் வையுங்கள். மெந்தால் எளிதில் ஆவியாகும். எண்ணெயும் வெண்ணெயும் உள்ள பண்டங்கள் அந்த மணத்தை உடனே பிடித்துக்கொள்ளும். ஒரே டப்பாவில் அடுக்கினால் மறுநாள் அச்சு முறுக்கிலும் கச்சாயத்திலும் பெப்பர்மின்ட் மணக்கும். சிவப்பு வகையையும் கேழ்வரகு வகையையும் சேர்த்து வைக்கலாம், அதில் தவறில்லை. முழுவதும் ஆறிய பின்பே மூட வேண்டும். சூடு இருக்கும்போது மூடினால் ஆவி தங்கிக் குக்கீ நமத்துவிடும். தட்டில் அடுக்கும் வேலையைக் கடைசியாக, வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.